24 வருஷம் உழைத்தார்... கணக்கில் 7 வருஷம்தான்! வேலை மாறும்போது பி.எப். பணத்தை எடுக்கலாமா?

காலை 10 மணி. ராயப்பேட்டை நெடுஞ்சாலை.

பிராவிடண்டு பண்டு அலுவலக வாசலில் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஆதார் கார்டு, பேங்கு பாஸ் புத்தகம், பழைய சம்பளச் சீட்டு.

அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பதி. கணவருக்கு 58 வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. பக்கத்தில் மனைவி. புதுச்சேலை. வரும் வழியில் கோவிலுக்குப் போய்விட்டு வந்த குங்குமம் நெற்றியில்.

"பென்சனுக்கு எழுதிக் கொடுக்க வந்திருக்கோம்" என்று வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

அவர்கள் முறை வந்தது. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த ஊழியர் நிமிர்ந்தார்.

"ஐயா, மொத்தம் எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"24 வருஷம் சார்."

"இங்கே 7 வருஷம்தான் காட்டுது. மாதாமாதம் பென்சன் வேணும்னா 10 வருஷம் இருக்கணும். உங்களுக்கு ஒரு தொகையாத்தான் கிடைக்கும்."

லேத் தொழிலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "24 வருஷம் மெஷின்ல நின்னிருக்கேன் சார்... எப்படி 7 ஆகும்?"

எப்படி ஆனது?

மூன்று தடவை கையெழுத்து

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை. தம்பதி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் விசாரித்தார். அவர் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பி.எப். படிவங்கள் அவருக்கு அத்துப்படி.

கதை ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதல் வேலை 1996-ல். 7 வருஷம். பட்டறையை மூடினார்கள். ஆபீசில் இரண்டு படிவங்களை ஒன்றாக ஊசி குத்திக் கொடுத்தார்கள். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பணம் வந்தது. அடகில் இருந்த நகை மீண்டது.

இரண்டாவது வேலை 6 வருஷம். விட்டார். மறுபடியும் இரண்டு படிவம். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது.

மூன்றாவது வேலை 4 வருஷம். மறுபடியும் அதே கதை. வீட்டுக்கு அட்வான்சு கொடுத்தார்.

நாலாவது வேலை 2018-ல். அதில் 7 வருஷம். அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

"அந்த இரண்டு படிவத்தில் என்ன எழுதியிருந்ததுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"கையெழுத்துப் போடச் சொன்னாங்க... போட்டேன்."

"ஒண்ணு 19-ம் நம்பர். அது பி.எப். பணத்துக்கு. இன்னொண்ணு 10-சி. அது பென்சன் பணத்துக்கு. அந்த 10-சி-யிலே பணமா வாங்கினா, அதுவரை பார்த்த சர்வீஸ் அத்தோடு முடிஞ்சது. மூணு தடவை வாங்கியிருக்கீங்க. 17 வருஷம் போச்சு."

அம்மாள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

பணம் எங்கே போகிறது?

சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாது.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.15 ஆயிரம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவரிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள். ரூ.1,800. இது முழுவதும் அவருடைய பி.எப். கணக்குக்குப் போகும்.

முதலாளியும் 12 சதவீதம் கட்டவேண்டும். அதுவும் ரூ.1,800. ஆனால் இது இரண்டாகப் பிரியும். ரூ.1,250 பென்சன் நிதிக்கு. மீதி ரூ.550 பி.எப். கணக்குக்கு.

ஆக, பி.எப்.பில் மாதம் ரூ.2,350 சேருகிறது. பென்சன் நிதிக்கு ரூ.1,250 போகிறது.

பி.எப். என்பது உண்டியல். போட்ட பணமும் வட்டியும் அதில் இருக்கும். 2024-25-ம் ஆண்டுக்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம்.

பென்சன் நிதி அப்படி அல்ல. அதற்கு வட்டிக் கணக்கு கிடையாது. எத்தனை வருஷம் வேலை பார்த்தோம், கடைசி 5 வருஷத்தில் சராசரிச் சம்பளம் என்ன, இந்த இரண்டுதான் கணக்கு. சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். இதற்குச் சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் இருந்து ரூ.15 ஆயிரம். அதற்கு முந்தைய சர்வீசுக்கு ரூ.6,500.

10 வருஷம் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்சன். 9 வருஷம் 6 மாதம் ஆகிவிட்டால் 10 என்று எடுத்துக்கொள்வார்கள். 20 வருஷம் பார்த்தவருக்கு 2 வருஷம் போனசாகச் சேரும்.

1995 நவம்பர் 16-ந்தேதி முதல் நடைமுறையில் உள்ள பென்சன் திட்டம் இது.

லேத் தொழிலாளியின் 24 வருஷமும் உடையாமல் இருந்திருந்தால்? பெரியவர் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். மாதம் 3 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. உயிர் உள்ளவரை. அவருக்குப் பிறகு மனைவிக்கு அதில் பாதி. அந்தப் பாதி எவ்வளவு குறைந்தாலும் மாதம் ரூ.1,000-க்குக் கீழே போகாது.

இப்போது கிடைக்கப்போவது? 7 வருஷத்துக்கு ஒரே தடவையாக ஒரு லட்சம் ரூபாய் சொச்சம். அதோடு சரி.

வேலை மாறினால் என்ன செய்யவேண்டும்?

"அப்போ எங்களுக்கு யாரும் சொல்லலையே..." என்றார் அந்த அம்மாள்.

"அந்தக் காலத்தில் கம்பெனிக்கு ஒரு பி.எப். நம்பர். மாத்தணும்னா படிவம் அனுப்பி மாசக்கணக்கில் காத்திருக்கணும். அதுக்குப் பயந்துதான் பாதிப் பேர் பணத்தை எடுத்தாங்க. இப்போ அப்படி இல்லையம்மா" என்றார் பெரியவர்.

உண்மைதான். 2014 அக்டோபரில் 12 இலக்க நம்பர் ஒன்று வந்தது. யு.ஏ.என். என்கிறார்கள். ஆளுக்கு ஒரே நம்பர். எத்தனை கம்பெனி மாறினாலும் அதே நம்பர்தான்.

புதுக் கம்பெனியில் சேரும் அன்றே இந்த நம்பரைக் கொடுக்கவேண்டும். "முன்பு பி.எப். உண்டா?" என்று படிவத்தில் கேட்பார்கள். "இல்லை" என்று எழுதினால் வேறு நம்பர் போட்டுவிடுவார்கள். ஒருவருக்கு இரண்டு நம்பர் ஆகிவிட்டால், ஒன்றாக்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும்.

சேர்ந்த பிறகு, பழைய கணக்கில் உள்ள பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லி மனு போடவேண்டும். 13-ம் நம்பர் படிவம். இதை வீட்டில் இருந்தே இன்டர்நெட்டில் போடலாம். ஆதாரும் நம்பரும் இணைந்திருந்தால், பழைய முதலாளியின் கையெழுத்துக்கு அலையும் வேலை பெரும்பாலும் இல்லை. 2025 ஜனவரியில் இதை எளிதாக்கினார்கள்.

மனு போடும் முன் பார்க்கவேண்டியவை மூன்று.

ஒன்று: பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா? ஒரு எழுத்து மாறினாலும் மனு திரும்பி வரும்.

இரண்டு: பழைய கம்பெனி, வேலையை விட்ட தேதியைப் பதிந்திருக்கிறதா? பதியாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்தில் இருந்து 2 மாதம் கழித்துத் தொழிலாளியே பதிந்துகொள்ளலாம்.

மூன்று: வாரிசு பெயர் இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம்.

பூஜ்யத்தைப் பார்த்துப் பதறவேண்டாம்

பணத்தை மாற்றிய பிறகு பாஸ் புத்தகத்தைப் பார்க்கும் பலர் அலறுகிறார்கள். "பி.எப். பணம் வந்துவிட்டது. பென்சன் பத்தியில் பூஜ்யம் இருக்கிறதே!"

பென்சன் பணம் கம்பெனிக்குக் கம்பெனி நகராது. அது முதலில் இருந்தே ஒரே பொது நிதியில்தான் கிடக்கிறது. மாறுவது சர்வீஸ் வருஷம் மட்டுமே. பழைய சர்வீஸ் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பூஜ்யத்தைப் பார்த்து மிரண்டுபோய், "இருக்கிற பென்சன் பணத்தையாவது எடுப்போம்" என்று 10-சி போட்டுவிடக்கூடாது.

புது இடத்தில் பி.எப். இல்லையா?

எல்லாக் கடையிலும் பி.எப். கிடையாது. பொதுவாக 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். பெரிய கம்பெனியை விட்டுவிட்டு 8 பேர் உள்ள கடைக்குக் கணக்கு எழுதப் போகிறவர் என்ன செய்வது?

பி.எப். பணத்தை அப்படியே விட்டுவைக்கலாம். இடையில் வேலையை விட்டவருக்கு 58 வயது வரை வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு. அவ்வளவுதான்.

பென்சனுக்கு? அதே 10-சி படிவத்தில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பணமாக வாங்குவது. இன்னொன்று, "ஸ்கீம் சர்ட்டிபிகேட்" வாங்குவது.

இந்தச் சர்ட்டிபிகேட்டில் எத்தனை வருஷம் சர்வீஸ் என்று எழுதிக் கொடுப்பார்கள். பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, பிறகு பி.எப். உள்ள வேலை கிடைக்கும்போது கொடுத்தால், பழைய வருஷம் புது வருஷத்தோடு சேர்ந்துகொள்ளும்.

10 வருஷம் முடித்தவருக்குப் பென்சனைப் பணமாக வாங்கும் வழியே கிடையாது. சர்ட்டிபிகேட் மட்டும்தான். ஆகவே ஆபத்து எல்லாம் 10 வருஷத்துக்குள் வேலையை விடுகிறவருக்குத்தான்.

லேத் தொழிலாளி மூன்று தடவை கையெழுத்துப் போட்டாரே... அந்த மூன்று தடவையும் சர்ட்டிபிகேட் கேட்டிருக்கலாம். பி.எப். பணம் கைக்கு வந்திருக்கும். நகையும் மீண்டிருக்கும். சர்வீசும் தங்கியிருக்கும்.

எடுத்தால் எவ்வளவு நஷ்டம்?

"எனக்குப் பென்சன் வேண்டாம். கைக்கு வந்த காசு போதும்" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு கணக்கு.

மேலே சொன்ன ரூ.15 ஆயிரம் சம்பளக்காரர் 4 வருஷத்தில் வேலை மாறுகிறார். 8.25 சதவீத வட்டியில் அவர் பி.எப். கணக்கில் சுமார் 1 லட்சத்து 32 ஆயிரம் இருக்கும்.

5 வருஷம் முடியுமுன் எடுத்தால் வருமான வரி உண்டு. தொகை ரூ.50 ஆயிரம் அல்லது அதற்கு மேல் என்றால் கொடுக்கும்போதே 10 சதவீதம் பிடிப்பார்கள். இவருக்கு 13 ஆயிரத்துக்கு மேல் போய்விடும். பான் நம்பர் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்! வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் தப்பலாம். உடல்நலம் கெட்டோ, கம்பெனி மூடியோ வேலை போனவருக்கும் இந்த வரி இல்லை.

அதே பணத்தைப் புதுக் கம்பெனிக்கு மாற்றினால்? பழைய 4 வருஷமும் சேர்த்து எண்ணப்படும். இன்னும் ஒரு வருஷத்தில் 5 ஆகிவிடும். பிறகு எடுத்தால் வரி இல்லை.

எடுக்காமலே 20 வருஷம் விட்டால்? இதே வட்டி நிலைத்தால், அந்த 1 லட்சத்து 32 ஆயிரம் மட்டும் ஆறரை லட்சத்தை நெருங்கும்.

அவசரத்துக்கு வழி இல்லையா? இருக்கிறது. வைத்தியம், கல்யாணம், படிப்பு, வீடு ஆகியவற்றுக்கு முன்பணம் எடுக்கலாம். 31-ம் நம்பர் படிவம். இதில் கணக்கு மூடாது. பென்சன் சர்வீசும் போகாது. பணமுடை வந்தால் இந்தக் கதவைத்தான் முதலில் தட்டவேண்டும்.

வேலை கிடைத்தால் எடுக்க முடியாது!

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. வேலையை விட்ட மறுநாளே முழுப் பணத்தையும் எடுக்க விதியில் இடமில்லை. பி.எப். உள்ள வேறு வேலையில் சேர்ந்துவிட்டவர் பழைய கணக்கை மூடிப் பணம் கேட்க முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

வேலை இல்லாமல் ஒரு மாதம் இருந்தால் 75 சதவீதம், 2 மாதம் இருந்தால் மீதி என்பது 2018-ல் வந்த விதி.

2025 அக்டோபர் 13-ந்தேதி மத்திய அறங்காவலர் குழு புதிய முடிவு எடுத்தது. 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். 25 சதவீதம் கணக்கில் இருக்கவேண்டும். முழுப் பணத்துக்கு 12 மாதம், பென்சன் பணத்துக்கு 36 மாதம் காத்திருக்கவேண்டும் என்பது அந்த முடிவு. பலர் அடிக்கடி எடுத்துவிட்டுக் கடைசியில் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்பதுதான் இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மனு போடுகிற அன்று எந்த விதி நடக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

"எடுத்துத் தருகிறோம்" ஆசாமிகள்

"பி.எப். பணம் உடனே எடுத்துத் தரப்படும்" என்று சுவரில் நோட்டீசு ஒட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நூற்றுக்கு இத்தனை என்று கமிஷன் பேசுவார்கள். ஆதார் நம்பர், போனில் வரும் ரகசிய எண் எல்லாம் கேட்பார்கள். 19, 10-சி இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள். அவர்களுக்குக் கமிஷன்தான் முக்கியம். சர்வீஸ் போனால் அவர்களுக்கு என்ன?

மனு போட அரசாங்கம் காசு வாங்குவதில்லை. போனில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது.

கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் காசு வேண்டாம். பதிவு செய்த போனில் இருந்து 99660 44425 என்ற நம்பருக்கு "மிஸ்டு கால்" கொடுத்தால் தகவல் வந்துவிடும். பிடித்த பணத்தை முதலாளி கட்டியிருக்கிறாரா என்பதும் இதில் தெரிந்துவிடும். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ந்தேதிக்குள் கட்டவேண்டும். கட்டவில்லை என்றால் வேலையில் இருக்கும்போதே கேட்கவேண்டும். விட்ட பிறகு கேட்பது கஷ்டம்.

குறை இருந்தால் மாதந்தோறும் 27-ந்தேதி மாவட்டங்களில் பி.எப். அலுவலகம் குறை தீர்க்கும் முகாம் நடத்துகிறது. அங்கே போய் நேரில் சொல்லலாம்.

மகனுக்குப் போன்

டீக்கடையில் கூட்டம் குறைந்தது. பெரியவர் எழுந்தார்.

"போனது போச்சு. அந்த ஒரு லட்சத்தையாவது பேங்கில் போடுங்க. பி.எப். பணம் தனியா வரும். இரண்டையும் யார் கேட்டாலும் கொடுத்துடாதீங்க."

லேத் தொழிலாளி தலையை ஆட்டினார். பிறகு சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவர்போல் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார்.

மகனுக்கு 26 வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் 3 வருஷமாக வேலை. அடுத்த மாதம் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்கு மாறுகிறான். பி.எப். பணத்தை எடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கப்போவதாகப் போன வாரம்தான் வீட்டில் பேச்சு நடந்தது.

"தம்பி... அந்த பி.எப். படிவத்தில் கையெழுத்துப் போட்டுட்டியா?"

மறுமுனையில் என்ன சொன்னானோ, அப்பா முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

"போடாதே. 10-சி-ன்னு ஒண்ணு தருவாங்க. அதைத் தொடவே தொடாதே. புது இடத்துல உன் பழைய நம்பரைக் கொடு. ஆமா... 12 நம்பர் இருக்குமே, அதுதான்."

மனைவி போனைக் கையில் வாங்கினார்.

"வண்டி அப்புறம் வாங்கிக்கலாம்டா. அப்பா 24 வருஷம் நின்ன நிப்பு இன்னைக்குக் காணாமப் போச்சு. உன்னுதாவது நிக்கட்டும்."

பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.